புல்தரைக்கு முன்னால் ஒரு கோடை

புல்தரைக்கும் நம்ம பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பீர்கள். மஞ்சளுக்கு விலை இல்லை, களை வெட்ட ஆள் இல்லை என்று நாம் தவித்துக்கொண்டிருக்கும்போது, பங்களா வாசலில் வளர்க்கிற புல்லைப் பற்றி எழுத வந்துவிட்டாரே இந்த பேங்க்காரர் என்று நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. போன ஒரு வருடத்தில் மட்டும் நான்கு பேர் இந்த விஷயமாக என்னிடம் வந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடம் நடத்துகிறவர், விளையாட்டுத் திடலில் புல் போட வேண்டும். ஒருவர் கல்யாண மண்டபக்காரர். மூன்றாவது என் தங்கை மகள், கோயம்புத்தூரில் வீட்டுக்கு முன்னால் 3 சென்ட் காலி இடம் வைத்திருக்கிறாள். நான்காவது ஆள் நம்ம இயக்கத்து நண்பரேதான். தோட்டத்தில் விருந்தினர் தங்கக் குடில் கட்டிவிட்டு, அதற்கு முன்னால் பசேல் என்று இருக்க வேண்டும் என்கிறார்.

நான்கு பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "புல்லு நடறதுக்கு முன்னாடி களைக்கு என்னங்க மருந்து அடிக்கலாம்?"

கேள்வியிலேயே பதில் முடிவாகிவிட்டது பாருங்கள். அடிப்பது என்று தீர்மானம் ஆகிவிட்டது. எதை அடிப்பது என்பதுதான் பாக்கி. பதினைந்து வருடமாக ஒரு சொட்டு விஷம் வாங்காத நம்ம நண்பரும், குடில் வாசல் என்றதும் அதே கேள்வியைத்தான் கேட்டார். "அது வெள்ளாமை நிலம் இல்லைங்களே" என்று ஒரு சமாதானமும் சொன்னார். அந்தச் சமாதானத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

வெள்ளாமை நிலம் இல்லை, சரி. ஆனால் அங்கே யார் புழங்கப் போகிறார்கள்? நெல் வயலில் நாம் கால் வைப்பது வருடத்துக்குச் சில நாள். புல்தரையில் குழந்தை தவழும், உருளும், புல்லைப் பிடுங்கி வாயில் வைக்கும். தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற இடம் அது. விஷம் இருக்கக்கூடாத இடங்களைப் பட்டியல் போட்டால், என் கணக்கில் சமையல்கட்டுக்கு அடுத்தது புல்தரைதான்.

கடையில் கொடுப்பது பெரும்பாலும் கிளைபோசேட். 1974-ல் மான்சாண்டோ கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு. இன்று பல கம்பெனிகள், பல பெயர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. கேரளா 2019-ல் தடை போட்டது. நம் நாட்டில் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடத்துக்கும்தான் இதற்கு அனுமதி. 2022 அக்டோபரில் மத்திய அரசு இன்னும் ஒரு கட்டுப்பாடு போட்டது. பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டும்தான் இதைப் பயன்படுத்த வேண்டும் என்றது. அரசாணை அப்படி. எங்கள் ஊர்ப்பக்கம் கடையில் போய் ஒரு லிட்டர் வேண்டும் என்றால், பில் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

விஷம் என்பதை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டு, வேலை நடக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். முப்பத்தி நாலு வருடம் வரவு செலவு பார்த்தவனுக்கு அந்தப் புத்திதான் முதலில் வரும். கிளைபோசேட் பச்சை இலையில் பட்டால்தான் வேலை செய்யும். இலை வழியாக இறங்கி வேரைக் கொல்லும். மண்ணுக்குள் முளைக்காமல் கிடக்கிற விதையை அது தொடாது. கோரையில் மேலே இலை விட்டிருக்கிற கிழங்கு சாகலாம். உறங்கிக் கிடக்கிற கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. ஆக, அடித்த பத்துப் பதினைந்து நாளில் இடம் காய்ந்து சருகாகிவிடும். ஒப்பந்தக்காரர் படம் எடுத்து அனுப்புவார். மேலே செம்மண் கொட்டி, புல் பதித்து, பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு மழை பெய்யட்டும், அடியில் இருந்தது மேலே வரும்.

அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயமே. களை விதைகள் மண்ணுக்குள் சேர்ந்து கிடப்பதை விதை வங்கி என்றே படித்தவர்கள் சொல்கிறார்கள். என் தொழிலை வைத்து நான் கட்டிய சொல் இல்லை அது. ஆனால் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஒரு பார்த்தீனியச் செடி பூத்து முற்ற விட்டால் ஆயிரக்கணக்கில் விதை போட்டுவிட்டுப் போகும். டெபாசிட். அதில் கொஞ்சம் இந்த மழைக்கு முளைக்கும், கொஞ்சம் அடுத்த மழைக்கு, மீதி ஆழத்தில் வெளிச்சம் படாமல் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். நாம் மண்ணைப் புரட்டுகிற அன்றைக்கு அதற்கு முதிர்வு தேதி. விஷம் அடிப்பவர் முளைத்ததை மட்டும் தீர்க்கிறார். கணக்கில் இருப்பு அப்படியே இருக்கிறது.

வயலில் இது பெரிய குற்றம் இல்லை. பயிர் வந்த பிறகும் களைக்கொத்து எடுத்து இறங்கலாம். மாட்டு ஏர் விடலாம். நெல்லில் கோனோவீடர் உருட்டலாம். அறுப்பு முடிந்தால் அடுத்த பட்டத்தில் புதுக்கணக்கு. புல்தரைக்கு அந்த வசதி கிடையாது. ஒரு முறை பதித்தால் பத்து வருடம் அதே புல். பின்னிக்கொண்ட பிறகு கொத்து உள்ளே போகாது. கோரையைப் பிடுங்கினால் தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளே நிற்கும். கிழங்கோடு தோண்டினால் புல்தரையில் குழி விழும். அதனால் செய்ய வேண்டிய வேலை அத்தனையும் நடவுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். ஒரு விவசாயியைவிடப் புல்தரை போடுகிறவருக்குத்தான் பொறுமை அதிகம் தேவை. ஆனால் அவர்தான் பதினைந்து நாளில் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறார்!

நான் நான்கு பேருக்கும் சொன்னது, ஒரு கோடையை இதற்கு ஒதுக்குங்கள் என்பதுதான். சித்திரையில் தொடங்கினால் ஆடி, ஆவணியில் புல் நடலாம்.

முதலில் இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். சாரணை, குப்பைமேனி, பார்த்தீனியம் என்று விதையில் வருகிற கூட்டம் ஒரு வகை. கோரை, அருகு என்று கிழங்கிலும் வேர்த்தண்டிலும் வருவது வேறு வகை. முதல் வகையை ஏமாற்றி முளைக்க வைத்துத் தீர்க்கலாம். இரண்டாம் வகையை வெயிலில் போட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

கோரை, அருகு இருந்தால் சித்திரை வெயிலை வீணாக்காதீர்கள். கொக்கிக் கலப்பையால் ஆழமாக உழுது கட்டி கட்டியாகப் புரட்டி விடுங்கள். சின்ன இடம் என்றால் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். மேலே வந்த கோரைக்கிழங்கு சில நாள் உச்சி வெயிலில் கிடந்தால் சுருங்கிச் செத்துப்போகும். அருகு வேரைக் கையால் பொறுக்கி எடுத்து ஒரு பாறை மீதோ தார்ப்பாயிலோ காயப் போட வேண்டும். பத்து நாள் விட்டு மறுபடி ஒரு புரட்டு, மறுபடி ஒரு பொறுக்கு. இடையில் கோடை மழை பெய்தால் துளிர்க்கும். துளிர்த்ததும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும், அந்த இடத்தில் தோண்டலாம். ஒரு கோடையில் கோரை முழுக்கப் போகும் என்று நான் சொல்லவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். முக்கால்வாசி குறைந்தால் மீதியைக் கையால் ஆளலாம். அந்தக் காலத்தில் கோரை மண்டின காட்டில் பன்றிக் கிடை போடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிழங்கைத் தோண்டித் தின்றுவிடும். பங்களா வாசலில் அந்த யோசனையைச் சொன்னால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரோட்டவேட்டர் வேண்டாம். இடம் மாவு மாதிரி ஆகிவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அருகின் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. ஒரு முழ வேரைப் பத்துத் துண்டாக நறுக்கிப் பரப்பிவிட்டால் அது களை எடுப்பு இல்லை, அருகு நடவு. கோரைக் கிழங்குகளும் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பவை. சங்கிலி முழுசாக இருக்கும்வரை பல கிழங்குகள் உறக்கத்திலேயே இருக்கும். அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும்.

வெயில் வேலை முடிந்த பிறகு மேடு பள்ளம் சமன் செய்வது, குழாய் பதிப்பது, தண்ணீர் வடிய வாட்டம் கொடுப்பது எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். பலர் இதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். அத்தனை களையையும் தீர்த்துவிட்டு, குழாய்க்குக் குழி வெட்டி அடி மண்ணை மேலே கொண்டுவந்து போட்டால், உறங்கின டெபாசிட்டை நாமே உடைத்த மாதிரி.

சமன் செய்த இடத்தில் நட அவசரப்படாமல், நட்டது போலவே தண்ணீர் விடுங்கள். நம்ம பெரியவர்கள் தண்ணீர் பாய்ச்சி, களையை முளைக்க விட்டு, ஓர் உழவு ஓட்டிவிட்டுத்தான் விதைப்பார்கள். அதே வேலைதான். பத்து, பன்னிரண்டு நாளில் பச்சைப் பாய் விரித்தாற்போல் முளைக்கும். பார்த்ததும் பயம் வரும், சந்தோஷப்பட வேண்டும். இரண்டு இலை, நான்கு இலைப் பருவத்தில் காலை வெயில் ஏறும் நேரத்தில் மண்வெட்டியால் மேலாகச் செதுக்கி விடுங்கள். மதியத்துக்குள் வாடிவிடும். மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு, மறுபடி செதுக்கு. மூன்று சுற்று. இதில் சூட்சுமம் ஒன்றுதான்: ஒரு அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. பெரும்பாலான சிறு விதைகள் மேல் மண்ணில் இருந்துதான் முளைக்கும். மேல் மண்ணைக் காலி செய்துவிட்டால் போதும், ஆழத்தில் உறங்குவது உறங்கட்டும். மூன்று சுற்றும் ஒழுங்காகச் செய்துவிட்டு, நடவுக்கு முதல் நாள் "இன்னொரு தடவை நல்லாக் கொத்தி விட்டுடலாம்" என்று ஒரு ஆள் இறங்குவார் பாருங்கள், அவரைத் தடுக்க வேண்டும்.

அந்த முதல் சுற்றில் என் தங்கை மகள் வீட்டில் முளைத்ததில் சாரணை, பருப்புக்கீரை, தொய்யக்கீரை மூன்றும் இருந்தன. செதுக்குவதற்கு முன் ஒரு பொரியலுக்குப் பறித்தோம். விஷம் அடித்திருந்தால் அந்தப் பொரியல் கிடையாது.

ஒரு பருவம் காத்திருக்க முடிகிறவர்கள், பள்ளிக்கூடம் மாதிரி இடம் அகலமாக உள்ளவர்கள், நடுவில் ஒரு மூடு பயிர் போடுவது இன்னும் நல்லது. அருகு, கோரை இரண்டுக்கும் நிழல் ஆகாது. சணப்பை நெருக்கி விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூ எடுக்கும்போது அறுத்துவிடலாம். தட்டைப்பயறு, கொள்ளு கலந்தும் விதைக்கலாம். நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பலதானிய விதைப்பை மண் வளத்துக்கு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நெருக்கமாக விதைத்தால் அது களைக்குக் குடை பிடிக்கிற வேலையும் செய்யும். அறுத்ததை மண்ணுக்குள் ஆழமாக மடக்கி உழாமல், அப்புறப்படுத்திக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு, மேல் செதுக்கை ஆரம்பிக்கலாம்.

இடம் மிகச் சின்னது என்றால் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை விரித்து வேக வைக்கும் முறை இருக்கிறது. நன்றாகத் தண்ணீர் விட்டு ஈரமாக்கி, தாளை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து, ஓரத்தை மண்ணில் புதைத்து, சித்திரை வைகாசியில் நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். விதைகள் வெந்துபோகும். கோரைக்கு இதை நம்ப முடியாது. அதன் கூர்நுனி தாளையே துளைத்துக்கொண்டு வரும். கடைசியில் அந்தப் பிளாஸ்டிக்கை எங்கே போடுவது என்பதும் இருக்கிறது. எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை, ஆனால் கேனைத் தூக்குவதற்கு இது மேல்.

நம்ம தரப்பிலும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சொன்னால் கோபப்படாதீர்கள். ஒன்று, வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "இயற்கைக் களைக்கொல்லி". கோமியத்தில் கல் உப்பைக் கரைத்து, சுண்ணாம்பு, சோப்பு சேர்த்து அடிக்கச் சொல்கிறார்கள். செடி கருகத்தான் செய்யும். உப்பு எங்கே போகும்? மண்ணில்தான் நிற்கும். மண் உவராகி வெள்ளாமையே போன ஊர்களைப் பார்த்த பிறகும் உப்பைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுவது எந்த ஊர் இயற்கை விவசாயம்? கோமியம் கலந்துவிட்டால் எல்லாம் இயற்கை ஆகிவிடாது.

இரண்டு, நம்ம எரு. மக்காத தொழு உரத்தில் களை விதை நிறைய உண்டு. ஆடு, மாடு தின்ற சீமைக்கருவேல் விதை சாணத்தில் முளைப்புத் திறனோடு வெளியே வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குவியலாகப் போட்டு, ஈரம் காத்து, இரண்டு மூன்று முறை புரட்டி, கை வைக்க முடியாத சூடு ஏறி இறங்கின எருதான் புல்தரைக்கு ஆகும். மண்புழு உரத்தில் அந்தச் சூடே வராது, புழு செத்துவிடும். முதலில் சாணத்தையும் குப்பையையும் சூடேற மக்கவிட்டு, ஆறின பிறகு புழு விட்டவரிடம் வாங்குவது உத்தமம். நான்கு பேரிடம் எரு விற்கிறவர்கள் நாம்தான், அந்தப் பொறுப்பு நமக்கு உண்டு.

செம்மண் லோடு பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு அரை அடிக்குச் செம்மண் கொட்டுகிறார்கள். அந்த மண் யாரோ ஒரு விவசாயியின் காட்டு மேல் மண். கோரைக்கிழங்கோடு லாரியில் ஏறி வருகிறது. விற்றவர் காட்டில் மண் போச்சு, வாங்கினவர் வாசலில் கோரை ஆச்சு. இருக்கிற மண்ணை எருவால் திருத்திக்கொள்ளுங்கள், லோடு வேண்டாம் என்று நான்கு பேரிடமும் சொன்னேன். மண்டபக்காரர் மட்டும் கேட்கவில்லை.

எந்தப் புல் என்பதிலும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. நாம் வேரோடு பிடுங்கி வரப்பில் காயப் போடுகிற அருகின் சொந்தக்காரனைத்தான் பெர்முடா என்று பெயர் வைத்துச் சதுர அடி கணக்கில் விற்கிறார்கள். நல்ல வெயில் விழுகிற பள்ளிக்கூடத் திடலில் ஏற்கெனவே அருகு பாதி இருந்தால், அதைக் கொன்றுவிட்டுக் காசு கொடுத்து அதன் பங்காளியை வாங்குவானேன்? கோரையையும் அகல இலைக் களைகளையும் மட்டும் எடுத்துவிட்டு, அருகை அடிக்கடி வெட்டிவிட்டாலே படர்ந்து தரை மூடிவிடும். மிதி தாங்கும், தண்ணீர் குறைவாகக் கேட்கும். அந்தப் பள்ளிக்காரர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். வேலை பாதியாகக் குறைந்தது.

பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். புல் பதித்த பிறகு அகல இலைக் களை வந்தால் 2,4-டி அடிக்கிறார்கள். வியட்நாம் போரில் காடுகள் மேல் விமானத்தில் இருந்து கொட்டின ஏஜென்ட் ஆரஞ்சில் இருந்த இரண்டு பொருளில் இதுவும் ஒன்று. புல் வகையை விட்டுவிட்டு மற்றதைக் கொல்லும். பருத்திக்கு இது பரம விரோதி. காற்றில் கொஞ்சம் வந்து பட்டாலும் இலை விரல் மாதிரி சுருங்கிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் புல்தரைக்கு அடித்த வாரத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் நண்பர் ஒருவரின் பருத்தி நான்கு வரிசைக்கு இலை சுருண்டது. போய்க் கேட்டதற்கு, "நாங்க எங்க எடத்துலதானுங்க அடிச்சோம்" என்றார்கள். இயற்கை விவசாயச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு அந்த நான்கு வரிசை என்ன நஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நடுவதற்கு முன்னால் களையைத் தீர்த்திருந்தால் அந்த அடிப்பு தேவைப்பட்டிருக்காது.

இதில் அவசரம் எங்கே இருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பேங்கில் இருந்தபோது பயிர்க்கடனுக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று ஒரு அளவு இருக்கும். மாவட்ட அளவில் தொழில்நுட்பக் குழு கூடி முடிவு செய்வது. அதில் விதைக்கு, உரத்துக்கு, பூச்சிமருந்துக்கு எல்லாம் கணக்கு உண்டு. ஒரு தண்ணீர் விட்டுப் பத்து நாள் சும்மா இருப்பதற்கு அதில் காலம் கிடையாது. சும்மா இருப்பதும் ஒரு வேலை என்று எந்தக் காகிதத்திலும் எழுத இடம் இல்லை. வீட்டுக்கு முன்னால் புல் போடுகிறவரின் மதிப்பீட்டிலும் இல்லை. புல் சதுர அடிக்கு இவ்வளவு, செம்மண் லோடுக்கு இவ்வளவு, "களை மருந்து" இவ்வளவு, ஆள் கூலி இவ்வளவு. அவ்வளவுதான்.

அந்த மதிப்பீட்டுக்குள் நாம் நுழைய முடியும் என்பது என் எண்ணம். நம்ம கிராமங்களில் களை வெட்டுக்குப் போகிற பெண்கள் குழுக்கள் இருக்கின்றன. கோடையில் காட்டில் அவர்களுக்கு வேலை குறைவு. புல்தரைக்கு இடம் சுத்தம் செய்கிற வேலை வருவதும் அதே கோடையில்தான். சென்ட் கணக்கில் ஒப்பந்தம் பேசலாம்: ஒரு புரட்டு, பொறுக்கு, பத்து நாள் விட்டு இன்னொன்று, அப்புறம் மூன்று செதுக்கு. ஒரு இடத்துக்கு இரண்டரை மாதத்தில் ஐந்து முறை வந்து போகிற வேலை. என் தங்கை மகள் வீட்டு 3 சென்டுக்கு ஐந்து முறையும் நான்கு பெண்கள் அரை நாள் வந்தார்கள். அம்மணிகளுக்குக் கொடுத்த கூலி, ஒப்பந்தக்காரர் மருந்துக்கும் செம்மண்ணுக்கும் சேர்த்துக் கேட்ட தொகையைவிடக் குறைவுதான். குழுவில் இருக்கிற மூத்தவர், வேலை முடிந்த அன்று, "அடுத்த தெருவுல ரெண்டு வீட்டுக்காரங்க கேக்கறாங்க சார், சென்டுக்கு எவ்வளவுன்னு சொல்லட்டும்?" என்று என்னிடம் கேட்டார். சென்டுக்கு இல்லாமல் நடைக்கு இவ்வளவு என்று பேசுங்கள், ஐந்து நடைக்கும் முன்பணம் பாதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற மாவட்டங்களில் இப்படி யாராவது செய்து வந்தால் கூலி எப்படிப் பேசுகிறீர்கள் என்று எழுதுங்கள்.